ஒழுகாத படகு

படகுக்குள்ளேயிருந்து ஜன்னல் கண்ணாடியில் விரலால் தட்டுகிற சத்தம், ஒரே ஒரு தட்டு. ஹபீபுர் ரஹ்மான் தண்ணீர்க் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். கார் கண்ணாடி மாட்டுகிறவர்களின் வழக்கம் அது. ஒருவர் வெளியே நின்று தண்ணீரைப் பீய்ச்சுவார், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பார்ப்பார். கசிந்தால் ஒரு தட்டு, கசியவில்லை என்றால் இரண்டு. புதுப்பேட்டைக் கடையில் எப்போதும் மச்சான் வலியுல்லாதான் உள்ளே உட்காருவான். இன்று அவனுக்குக் காய்ச்சல். வேலைக்கு வந்த வீட்டின் அம்மாள் சூடாமணி, தானே உட்காருவதாகச் சொல்லியிருந்தாள். குழாயை அடுத்த ஜன்னலுக்குத் திருப்பினார். மறுபடி ஒரு தட்டு. அப்போதுதான் வீட்டின் பின்கதவு திறந்து, கையில் காபி டம்ளரோடு சூடாமணி வெளியே வந்தாள்.

"ஃபோன் வந்துடுத்து பாய். உள்ள வந்து உக்காரவே முடியலை. நீங்க ஆரம்பிச்சுட்டேளா?"

குழாய்த் தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

பெசன்ட் நகரில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, கொய்யா மரத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில், மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்து நின்றது அந்தப் பாய்மரப் படகு. நாலு பேர் குனிந்து உட்காரலாம் என்கிற அளவில் ஓர் அறை, ஒரு சின்னக் கதவு, இரண்டு பக்கமும் நீள ஜன்னல்கள். படகு வேலை தெரிந்தவர்கள் யாரும் இதைத் தொட வரவில்லையாம். ஊரூர் குப்பத்திலிருந்து வந்த முனியன் என்பவர் கேட் வரை வந்து, படகைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டாராம். ஏன் என்று ரஹ்மான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கார் ஜன்னலும் படகு ஜன்னலும் ஒன்றுதானே என்று இளப்பமாக நினைத்து வந்துவிட்டார்.

கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். யாரும் இல்லை. மூடிவைத்த ஈரத்துணியும் அழுகிய கடற்பாசியும் சேர்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. பலகை இடுக்குகளில் மணல். மழைக்காலத்துப் பிற்பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து எதிர்ச்சுவரில் அழுக்கு மஞ்சளாக விழுந்திருக்க, அந்த மஞ்சளுக்குக் குறுக்கே ஏதோ ஒன்று நகர்ந்து நின்ற மாதிரி இருந்தது. கொய்யாக் கிளையின் நிழலாக இருக்கும். தலையை வெளியே எடுத்துக்கொண்டார். காற்று இல்லை, கிளை ஆடவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தார்.

"தட்டினானா?" என்று கேட்டாள் சூடாமணி.

அவள் முகத்தில் பயம் இல்லை. ரஹ்மான் படகை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

அவள் நின்றபடியே சொன்னாள். பரத்வாஜ், ஒரே பிள்ளை. போன வருஷம் ஐப்பசியில் இந்தப் படகில் தனியாகக் கடலுக்குள் போனான். படகு மட்டும் கவிழ்ந்து கரைக்கு வந்தது. ஆள் கிடைக்கவில்லை. படகை வாங்கிக் கொடுத்தவர் அவன் அப்பா சுவாமிநாதன். ஆண்பிள்ளை பயந்தாங்கொள்ளியாக இருக்கக்கூடாதாம். அவர் இப்போது மாடியை விட்டு இறங்குவதில்லை, அவளும் ஏறுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் போய் வருகிறது. மழை பெய்தால் ஜன்னல்கள் ஒழுகுகின்றன, உள்ளே குழந்தை அழுகிறான் என்றாள். இருபத்திரண்டு வயதுப் பையனைக் குழந்தை என்றாள்.

"நனைஞ்சுண்டே இருக்கான் பாய். ஒரு சொட்டு உள்ள போகாம அடைச்சுக் குடுத்துடுங்கோ. வேற ஒண்ணும் கேக்கலை."

ரஹ்மானுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பைத்தியக்கார வீட்டில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று தன் தலையெழுத்தை நொந்துகொண்டார். கிளம்பிவிடலாம்தான். ஆனால் அவள் படகின் விளிம்பை, தொட்டிலைப் பிடிப்பதைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

வேலையை ஆரம்பித்தார். பழைய பூச்சைக் கத்தியால் சுரண்டி, தின்னரால் துடைத்து, சிலிக்கான் பேஸ்ட்டை விளிம்பு முழுக்க இழுத்து, சட்டத்தை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினார். பேஸ்ட்டின் புளித்த வாடை அந்தக் கடல் நாற்றத்தை அமுக்கியது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஜன்னல்களுக்குக் கீழே, படகின் வெளிப்பக்கத்தில், வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் வழிந்து காய்ந்திருந்தன. துடைக்கும்போது விரலில் ஒட்டியதை உதட்டில் வைத்துப் பார்த்தார். உப்பு. கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும், கடற்கரைக் காற்றிலும் இருக்கும். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வரும், அதைத் தடுப்பதுதான் தொழில். இத்தனை வருஷமாக அவர் கண்டது அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஜன்னலையும் முடித்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு கேட்டது. கசியவில்லை. கசியவில்லை. சூடாமணி ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக்கொண்டாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"கதவையும் அடைச்சுடுங்கோ" என்றாள்.

"கதவ அட்ச்சுட்டா அப்புறம் தொறக்க ஆவாதும்மா."

"தொறக்கவேண்டாம். அவன் நிம்மதியா இருக்கட்டும்."

அடைத்தார். விரலால் அழுத்தி, ஒரு மயிரிழை இடைவெளிகூட விடாமல். சீக்கிரம் முடித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பதைத் தவிர மனசில் எதுவும் இல்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு சாமான்களைப் பையில் போட்டார். தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. தெருவில் சுண்டல் வண்டி போகிற சத்தம். இருட்ட இன்னும் நேரம் இருந்தது.

ஒரு தட்டு.

ரஹ்மான் திரும்பினார். குழாய் மூடியிருந்தது. மழையும் இல்லை. சூடாமணியின் முகம் மாறியிருந்தது.

மறுபடி ஒன்று. கொஞ்சம் பலமாக.

ஜன்னலருகே போய்க் குனிந்தார். கண்ணாடியின் அடிப்பக்கத்தில், உள்ளே, ஒரு கோடு தெரிந்தது. பச்சை கலந்த கருப்பு. அந்தக் கோடு மெல்ல மேலே ஏறியது. அதில் மணல் சுழன்றது.

தண்ணீர்.

வெளியிலிருந்து வந்தது அல்ல. உள்ளேயே ஊறியது. இத்தனை நாளும் உள்ளே ஊறி, பழைய பூச்சின் ஓட்டைகள் வழியாக வெளியே வடிந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளைக் கோடுகள். அந்த உப்பு. வடிந்ததால் அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஓட்டைகளைத் தேடித் தேடி அடைத்தது அவர் கை.

தட்டுகள் விடாமல் கேட்டன. எல்லா ஜன்னலிலும். கதவிலும்.

"பாய், தொறங்கோ" என்றாள் சூடாமணி. கதவருகே ஓடினாள். "மூழ்கறான். தொறங்கோ பாய்."

கத்தி ரஹ்மானின் கையில்தான் இருந்தது. பையிலிருந்து எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. கதவின் பூச்சு இன்னும் காயவில்லை, ஒரே இழுப்பில் கீறிவிடலாம். கை வரவில்லை. திறந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். அந்த ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. தன் பிள்ளையாக இருந்தால் திறந்திருப்பார். அது அடுத்தவள் பிள்ளை.

அவள் கதவில் நகத்தைப் போட்டுப் பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. இடுக்கில் ஆழமாக அழுத்திய பூச்சு பெயரவில்லை.

தண்ணீர் பாதி ஜன்னல். முக்கால் ஜன்னல்.

ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

மேலே இரண்டு விரற்கடை காற்று மிச்சம் இருந்தது. அந்த இடைவெளியில் ஒரு வாய் தெரிந்தது. வாய் மட்டும். கூரையோடு ஒட்டி, திறந்து, மூடி, திறந்து. பிறகு தண்ணீர் கூரையைத் தொட்டது. தட்டுவது நின்றது.

சூடாமணி கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, கண்ணா, கண்ணா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வெளுத்து ஊதிய ஒரு முகம் மெல்ல மிதந்து வந்து அவள் கன்னத்துக்கு நேராக ஒட்டிக்கொண்டது. அதன் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, கத்தியோடு நின்ற ரஹ்மானின் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.