குறி பார்க்க ஒரு வருடம்

ட்ர்ர்ரிங்...!

காலை எட்டு மணிக்கு டெலிபோன் அலறியது. டீட்மார் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.

"லைசென்ஸ் வந்துடுச்சா?"

மறுமுனையில் ரைன்ஹார்ட். ஊர் துப்பாக்கிக் கிளப்பின் பயிற்சியாளர். குரலில் கல்யாண வீட்டு உற்சாகம்.

"வந்துடுச்சு. நேத்து தபால்ல."

"அப்புறமென்ன! பத்து மணிக்குக் கெர்லிண்டே கடைக்கு வந்துடு. உனக்கேத்த பிஸ்டலை நானே பொறுக்கித் தர்றேன்."

"ரொம்ப நன்றி, ரைன்ஹார்ட். நீங்க இல்லேன்னா எனக்கு ஒண்ணும் புரியாது."

போனை வைத்தான்.

பாவம் ரைன்ஹார்ட்... அந்த பிஸ்டலின் முதல் தோட்டா அவனுக்குத்தான்!

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜனவரி மாலை. ஸ்வென்யா என்ற பத்தொன்பது வயதுப் பெண் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். ரைன்ஹார்டின் கார் அவளைத் தூக்கி வீசியது. ரோட்டில் பனி, வழுக்கல், பெண்தான் குறுக்கே வந்தாள் என்றார் வக்கீல். ஆதாரம் போதாது என்றார் நீதிபதி.

விடுதலை!

ஸ்வென்யா... டீட்மாரின் ஒரே மகள். விவாகரத்துக்குப் பிறகு அம்மாவின் குடும்பப் பெயரோடு வளர்ந்தவள். அவள் சாவை வக்கீல்கள் அலசுவதைக் கேட்கத் தெம்பில்லாமல் டீட்மார் கோர்ட் பக்கமே போகவில்லை. ஆகவே ரைன்ஹார்டுக்கு அவனை அடையாளம் தெரியாது.

வேறு நாடாக இருந்தால் அன்றைக்கே காரியத்தை முடித்திருப்பான். இது எங்கள் ஜெர்மனி ஐயா! துப்பாக்கி வேண்டுமா? கிளப்பில் சேர். பன்னிரண்டு மாதம் ஒழுங்காகச் சுட்டுப் பழகு. பரீட்சை எழுது. அதைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வாங்கு. 'இவருக்குத் துப்பாக்கி தேவை' என்று கிளப்பில் கையெழுத்து வாங்கு.

டீட்மார் ஒன்று விடாமல் செய்தான். கொல்லப்போகிறவனிடமே கையெழுத்தும் வாங்கினான்!

அந்த ஒரு வருடமும் காலையில் அவனைப் படுக்கையை விட்டு எழுப்பியது இந்த ஒரு நினைப்புதான். வேறு எதுவும் அவனிடம் மிச்சமில்லை.

கெர்லிண்டே கண்ணாடி மேஜை மேல் மூன்று பிஸ்டல்களை வைத்தாள். எல்லாமே பாயின்ட் டூ டூ, சின்னத் தோட்டா ரகம்.

"பிடிச்சுப் பாருங்க. கைக்கு ஒத்து வரணும். மத்ததெல்லாம் அப்புறம்."

டீட்மார் முதல் பிஸ்டலை எடுத்து நீட்டினான். கை நடுங்கியது.

"காலைல சாப்பிடலையா?" கெர்லிண்டே சிரித்தாள். "ஆரம்பத்துக்கு இதுவே போதும். காகித வட்டத்தைத்தானே சுடப் போறீங்க?"

"ஆமா... காகிதம்தான்."

"ஆனா சின்னத் தோட்டான்னு அலட்சியமா இருக்காதீங்க. கிட்டத்துல ஆளையே முடிச்சிடும்!"

டீட்மார் பிஸ்டலைச் சட்டென்று மேஜையில் வைத்தான்.

"அட, அவனை ஏன் பயமுறுத்தறே?" ரைன்ஹார்ட் குறுக்கே வந்தான். "இது வேணாம்ப்பா. லேசா இருந்தா ஆடும். அந்த மூணாவதைப் பிடி. குழல் நல்ல கனம். கை நடுங்கினாலும் குறி அவ்வளவா ஆடாது."

"விலை ஜாஸ்தியாச்சே!"

"மட்டமானதை வாங்கிட்டு, அப்புறம் குறி தப்பிடுச்சேன்னு உக்காந்து அழப் போறியா?"

டீட்மார் பிடித்துப் பார்த்தான். மரப்பிடி உள்ளங்கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. நடுக்கம் குறைந்தது.

"இதையே குடுங்க."

பதினொன்றரை மணி. வேலை நாள். கிளப்பில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஈ, காக்கை இல்லை.

"எங்கே, சுடு பார்க்கலாம்!" ரைன்ஹார்ட் பக்கத்தில் வந்து நின்றான்.

டீட்மார் ஐந்து தோட்டாக்களைப் போட்டான்... க்ளிக்!

சட்டென்று திரும்பினான். குழல் ரைன்ஹார்டின் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"ஸ்வென்யா என் பொண்ணு!"

ரைன்ஹார்ட் அலறவில்லை. ஓடவில்லை. வெடிச் சத்தத்துக்காக மாட்டியிருந்த காதுமூடியை மெல்லக் கழற்றினான்.

"தெரியும்."

"எ... என்னது?"

"ஹெட்லைட் வெளிச்சத்துல ஒரு நொடி அவ முகத்தைப் பார்த்தேன்ப்பா. நீ மொத நாள் இந்தக் கதவைத் தொறந்துட்டு வந்தே... அதே முகம்! நீ எதுக்கு வந்திருக்கேன்னு அன்னைக்கே புரிஞ்சுபோச்சு."

"பொய் சொல்றே! தெரிஞ்சா கையெழுத்துப் போட்டே?"

"தெரிஞ்சுதான் போட்டேன். அன்னைக்கு நான் மூக்கு முட்டக் குடிச்சிருந்தேன். வந்த போலீஸ்காரன் நம்ம கிளப் ஆளு. ஊதச் சொல்லவே இல்லை. மூணு வருஷமாப் பொட்டுத் தூக்கம் கிடையாது. நானா சாகத் தைரியமும் இல்லை. நீ வந்ததும்தான் உசிரே வந்துச்சு! தப்பக் கூடாதுன்னுதான் நல்ல பிஸ்டலாப் பார்த்து எடுத்துக் குடுத்தேன். சுடுப்பா... உனக்குப் புண்ணியமாப் போகும்!"

ரைன்ஹார்ட் கண்களை மூடினான். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அந்த நிம்மதியைப் பார்த்ததும் டீட்மாருக்கு வயிறு எரிந்தது.

சுட்டால் இவன் தப்பித்துப் போய்விடுவான். சுடாவிட்டால்... நாளைக் காலையில் எதற்கு எழுந்திருப்பது? பழிவாங்கக்கூட வழியில்லாமல் போயிற்றே! மகளே, உனக்காக இந்த ஒன்றைக்கூடச் செய்ய முடியவில்லையே!

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். பிஸ்டலை அதன் கைப்பெட்டியில் வைத்துப் பூட்டினான். கதவைப் பார்த்து நடந்தான்.

ரைன்ஹார்ட் பதறிக் கண் திறந்தான்.

"எங்கே போறே? டேய்... டீட்மார்! என்னை இப்படியே விட்டுட்டுப் போகாதேடா!"

இப்போதுதான் அலறினான்!

டீட்மார் வாசலில் நின்று திரும்பினான்.

"வேளாவேளைக்குச் சாப்பிடு ரைன்ஹார்ட். உடம்பைப் பத்திரமாப் பார்த்துக்கோ... நீ நூறு வயசு இருக்கணும்!"