வண்ணக்காப்பு இதழுக்கு வந்த கடிதங்கள்

காலை ஏழு மணிக்குச் செம்பாறைக் குடியிருப்பிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பின்கழுத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு கூச்சம் ஏற்பட்டது. சிலர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கூச்சம் அடங்குவதற்குள் அவர்கள் எல்லோரும் ‘வண்ணக்காப்பு’ காலாண்டிதழை, அடிக்குறிப்புகள் உட்பட, வாசித்து முடித்தவர்களாகக் கணக்கில் ஏறியிருந்தார்கள்.

செவ்வாயில் அது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

அங்கே ஒவ்வொருவர் பின்கழுத்திலும் அரிசி அளவில் ஒரு நினைவு வில்லை பதிந்திருந்தது. எதை அனுப்பினாலும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வேண்டும் என்று நினைத்தால் மனதில் விரியும். வேகமாகச் சொன்னால் அதன் பெயர் ‘நினைவில்லை’ என்று காதில் விழும். முதலில் வந்த தலைமுறை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இப்போது யாரும் சிரிப்பதில்லை.

இதழின் ஆசிரியை சந்திரமதிக்கு அறுபது வயது. பழைய ஓவியங்களையும் சிற்பங்களையும் சிதையாமல் காப்பது எப்படி என்று ஆராய்கிறவர்களுக்கான இதழ் அது. உலகத்தில் உள்ள எல்லாமும் மின்பதிப்புக்கு மாறிய பிறகும் வண்ணக்காப்பு மட்டும் வாழைநார்க் காகிதத்தில் அச்சாகி வந்தது. நூறு வருடம் தாங்கும் என்று நிரூபிக்கப்படாத எதையும் அந்தத் துறைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் காகிதம் செய்யத் தண்ணீர் வேண்டும். சென்ற ஆண்டு தண்ணீர்ப் பங்கீட்டைக் குறைத்தபோது ஆசிரியர் குழு கூடி, மின்பதிப்புக்கு மாறுவோம் என்று கைதூக்கியது. தூக்காத கை சந்திரமதியுடையது மட்டும்தான்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது இதழ் இது. இன்னும் அவளுக்குப் பழகவில்லை. முன்பெல்லாம் இதழ் வெளியாகும் நாளில் அறை முழுக்க மை வாசனை அடிக்கும். கட்டுகளைச் சுரங்க ரயிலில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் விரல் நுனி கறுத்திருக்கும். பதினைந்து நாள் கழித்துக் கடிதங்கள் வரத் தொடங்கும். அதில் முதல் கடிதம் கரும்பள்ளம் குடியிருப்பிலிருந்து தனிஸ்லாஸ் என்பவர் எழுதியதாகத்தான் இருக்கும். முப்பது வருடமாக ஒரு இதழுக்கும் தவறியதில்லை. ஆறு பக்கம், பென்சிலில், வரிசை எண் போட்டுப் பிழைகள். ‘ஆசிரியரம்மாவுக்கு, நாற்பத்தோராம் பக்கத்தில் காரீயத்தைத் துத்தநாகம் ஆக்கியிருக்கிறீர்கள். ரசவாதம் எப்போது கற்றீர்கள்?’ என்று தொடங்குவார். சந்திரமதி பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பாள். வாசித்துவிட்டுத் திருத்துவாள். மின்பதிப்பு வந்த பிறகு அவரிடமிருந்து ஒன்றும் காணோம். மனிதர் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாள். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனதும் ஒரு வெறுமைதான்.

அன்று காலையும் பழைய வழக்கப்படி இதழை மனதில் விரித்து முதல் வரியிலிருந்து வாசிக்க உட்கார்ந்தாள். வெளியான பிறகுதான் பிழை கண்ணில் படும் என்பது எல்லாக் கிரகங்களுக்கும் பொதுவான விதி. இருபத்தெட்டாம் பக்கத்துக்கு வந்ததும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

செம்பாறையின் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில், முதன்முதலில் வந்து இறங்கிய பதினேழு பேர் சேர்ந்து வரைந்த சுவரோவியம் ஒன்று இருக்கிறது. அறுபதடி நீளத்துக்குக் கடல். இனி ஒருபோதும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த கடலை, ஞாபகத்திலிருந்து வரைந்தார்கள். சுவரில் உப்புப் பூத்து இப்போது வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தது. அதை ஒட்டவைக்கும் பசைக்கரைசல் பற்றிய கட்டுரை அது. அரை விழுக்காடு என்று இருக்க வேண்டியது ஐந்து விழுக்காடு என்று இருந்தது. ஐந்து விழுக்காட்டுக் கரைசல் மேலே தோலாகப் படியும். உப்பு உள்ளேயே சிக்கும். ஒரு வருடத்தில் கடல் மொத்தமும் பாய்போலச் சுருண்டு விழும்.

ஓவியத்தை ஒட்டவைக்கும் வேலை அன்று காலை எட்டு மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. மணி எட்டேகால்.

சந்திரமதி செருப்பை மாட்ட மறந்து ஓடினாள்.

கூடத்தில் சாரம் கட்டியிருந்தது. அதன்மேல் காப்பாளர் கோமதிநாயகம் தூரிகையோடு நின்றார். நாலடி தூரத்துக்குக் கடல் ஏற்கெனவே ஈரமாக மின்னியது.

“கோமதி, நிறுத்துங்க! கரைசல் எத்தனை விழுக்காடு?”

“அரை,” என்றார் அவர் திடுக்கிட்டு. “என்ன மேடம் ஆச்சு?”

சந்திரமதி சாரத்தின் கம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “கட்டுரையில ஐந்துன்னு தப்பா வந்துடுச்சு. காலையில வந்த இதழ்ல.”

“எந்தக் கட்டுரை?”

“உங்க தலைக்குள்ள இருக்கிற கட்டுரை.”

கோமதிநாயகம் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். “ஆமாம், இருக்கு. நூத்து நாப்பது வருஷத்துப் பழைய இதழும் ஏத்தியிருக்கு மேடம். பத்திரமா வச்சிருக்கேன்.”

“வாசிச்சீங்களா?”

“அதான் இருக்கே,” என்றார் அவர் வெகுளியாக.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒருவரும் திறந்து பார்க்காததால் ஓவியம் பிழைத்தது. “இப்படியும் உண்டா? அனுப்புறது எல்லாம் உள்ளே போய் மக்கிக் கிடக்கவா நான் ராப்பகலா உழைக்கிறேன்? ஒரு மனுஷன் எழுதினதை இன்னொரு மனுஷன் வாசிக்கிறது அவ்வளவு பெரிய காரியமா?” என்று பொரிந்தாள். பிறகுதான் கேட்கத் தோன்றியது. “அப்புறம் அரைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நேத்து ஒரு பெரியவர் ஆறு மணி நேரம் ரயில்ல வந்து எங்கிட்டக் கத்திட்டுப் போனார். போகலை, அதோ உட்கார்ந்திருக்கார்.”

சுவரோரப் பெஞ்சில், எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் எழுத்தில் மட்டுமே தெரிந்த முகம்.

“தனிஸ்லாஸ் ஐயாவா?”

“ஆசிரியரம்மாவா? வாங்க.” அவர் நகர்ந்து இடம் விட்டார். “இதழுக்கு முந்தி மெய்ப்பு பார்க்கன்னு வாசகர் எல்லாருக்கும் அனுப்புனியள்லா, அன்னைக்கே எழுதுனேன். ஓவியம் உரிஞ்சு விழுந்துரும்னு எழுதுனா, மிக்க மகிழ்ச்சின்னு பதில் வருது. சரி, இது ஆகாதுன்னு நேர்ல வந்துட்டேன்.”

“எனக்குக் கடிதம் எதுவும்...” என்று தொடங்கிய சந்திரமதி நிறுத்திக்கொண்டாள். காகிதக் கடிதங்கள் இனி ஏற்கப்படா என்று அறிவித்தது அவள் அலுவலகம்தான். வருகிற கடிதங்களுக்கு வில்லையே பதில் அனுப்பட்டும் என்று ஏற்பாடு செய்தது அவளேதான். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். வந்து சேர்ந்தவை: இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு. அதற்குள் தனிஸ்லாஸ் எழுதியவை மூன்று. எதுவும் திறக்கப்படவில்லை.

“அதை ஏன் இப்பம் பாக்கிய? நான்தான் பக்கத்துல இருக்கேனே, வாயால சொல்லுதேன்.”

“இல்லை ஐயா. வாசிக்கிறேன்.”

ஆறு மாதம் முந்தைய கடிதத்தை முதலில் எடுத்தாள். வரிசை எண் போட்டுப் பதினெட்டுப் பிழைகள். அதே கிண்டல், அதே பிடிவாதம். அவளுக்கு மை வாசனைகூட அடித்தது. பதினெட்டுக்குக் கீழே, எண் போடாமல் நாலு வரி இருந்தது.

‘என் மனைவி ரோசம்மாள் சென்ற வியாழக்கிழமை காலமாகிவிட்டாள். இதழ் வந்ததும் எனக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவது அவள்தான். நான் எழுதிய பிழைகளில் பாதி அவள் கண்டுபிடித்தவை. இதை வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இனி எங்கள் வீட்டுக்கு ஒரு இதழ் போதும்.’

அதற்கும் கீழே, கடிதம் வந்து சேர்ந்த அதே நொடியில் சந்திரமதியின் பெயரில் போன பதில்: ‘வாசித்தேன். மிக்க மகிழ்ச்சி. தொடர்ந்து எழுதுங்கள்.’

அவள் கண்ணைத் திறந்தபோது தனிஸ்லாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதச் சொல்லியிருந்தியள்லா,” என்றார். “அதான் எழுதுனேன்.”