கத்தாத சொம்பு

நிலவுக் குடியிருப்பில் கடை என்று ஒன்று கிடையாது. வேண்டியதை வாயால் சொன்னால் போதும், சமையலறைச் சுவரிலுள்ள அணுவார்ப்பி வார்த்துக் கொடுத்துவிடும். எந்தப் பெயருக்கு எந்தத் தனிமம், அதன் அடர்த்தி என்ன, உருகுநிலை என்ன என்பதையெல்லாம் அது பொது அட்டவணையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். ஒரு பெயருக்கு ஒரே தனிமம், பேச்சுக்கே இடமில்லை.

மங்கையர்க்கரசி ரசம் வைக்க ஈயச் சொம்பு கேட்டு வாங்கியதிலிருந்து மகள் யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். இரத்தத்தில் காரீயம் கலந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

மங்கை வீட்டுக்கு வந்ததும் சொம்பைத்தான் எடுத்தாள். பூமியில் என்றால் தூக்கியதுமே கனம் காட்டிக் கொடுத்திருக்கும். நிலவில் எல்லாமே பஞ்சு. விளிம்பைப் பிடித்து வளைத்தாள். வெள்ளீயமாக இருந்தால் கீச்சென்று கத்தும். இது ஊமையாக வளைந்தது.

“சமையக்கட்டுல ஈயம்னா வெள்ளீயந்தான். ஏன் காரீயத்தைக் குடுத்தே?”

“அட்டவணைப்படி ஈயம் என்றால் காரீயம். மாற்றப் பெரும்பான்மை வாக்கு வேண்டும்” என்றது அணுவார்ப்பி.

மங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி எந்த வீட்டுப் பிள்ளையும் இப்படிக் கிடக்கக் கூடாது என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். சொம்புக்கு ஒரு தேர்தலா என்று சிரித்தவர்களை யாழினியின் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தினாள். அணுவுலையில் கதிர்வீச்சைத் தடுக்கும் காரீயத்தோடு மல்லுக்கட்டுகிற கணவன் கதிரவேல்கூட, சொம்பு விஷயம்தானே என்று முதல் ஆளாகக் கை தூக்கினான். தீர்மானம் வென்றது. ஈயம் என்றால் இனி வெள்ளீயம்.

புதுச் சொம்பில் ரசம் நுரை கட்டிய ஒரு மத்தியானம், உடம்பு தேறிய யாழினி இரண்டாம் முறை சோறு கேட்டாள். மங்கைக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அப்போது அணுவுலையிலிருந்து கதிரவேல் அழைத்தான்.

“ரசத்தை எனக்கும் மிச்சம் வை, மங்கை. பழைய கவசத்தைக் கழட்டிட்டுப் புது ஈயக் கவசம் மாட்டியாச்சு.”

“எப்ப வார்த்தீங்க அதை?”

“காலையிலதான். உலையை மூட்டிட்டு எல்லாரும் அதுக்குப் பின்னாடிதான் நிக்கறோம். ஒரு வேடிக்கை கேளு. மாட்டறப்ப ஓரம் கொஞ்சம் வளைஞ்சுது, கீச்சுனு கத்துது.”

“உலையை அணைங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே ஓடியாங்க” என்றாள் மங்கை.

அவள் கையிலிருந்து நழுவிய கரண்டி இன்னும் தரையைத் தொட்டிருக்கவில்லை.