நாலு காசுக்கு ஒன்று இனாம்

எந்தக் காசுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தீர்மானிக்கும் தகுதி, அரசாங்கத்துக்கு அடுத்தபடியாகத் தனக்கு மட்டுமே உண்டு என்பது யோகேஷின் அசைக்க முடியாத கருத்து. சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் உள்ள வீடியோ கேம் மிஷின்களுக்கு ஆட்ட விலையும் இனாம் ஆட்டமும் செட் செய்பவன் அவன்தான்.

அன்று காலை ஆட்டையாம்பட்டி வீட்டிலும் அதைத்தான் சொன்னான். மகள் கனிஷ்காவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மாரியாத்தாளை வேண்டிக்கொண்டு உஷாராணி ஓர் ஐந்து ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டிருந்தாள்.

“ஒரு காசுக்கு எத்தன கிடைக்கும்னு ஆத்தாளுக்கு யாரு செட்டிங் வெச்சுக் குடுத்தது?”

“பேசாமப் போங்க. ஒங்க வாய்க்கு ஒரு சுவிட்சு இருந்தா மொதல்ல அத அமத்தோணும்.”

அவள் கஞ்சி எடுக்கப் போனதும் யோகேஷ் முடிச்சை அவிழ்த்தான். மிஷினைச் சோதிக்கக் கையில் சில்லறை இல்லை. காசை எடுத்துக்கொண்டு, அதே கனத்தில் ஒரு வாஷரை வைத்துப் பழையபடி முடிந்தான். சாமி எடை போட்டா பார்க்கப் போகிறது?

ராசிபுரத்தில் வீடியோ கேம் கடைக்கார மணியன், “நாலு காசுக்கு ஒன்னு இனாம் வெச்சுருங்க சாமி, ஒரு பையனும் எந்திரிக்கப்படாது,” என்று சொல்லிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிச் சாப்பிடப் போனார். உச்சி வெயிலிலும் உள்ளே மங்கல். சூடேறிய ஒயரும் பழைய ரெக்ஸினும் கலந்த வாடை.

யோகேஷ் செட்டிங்கை முடித்துவிட்டு வேண்டுதல் காசைப் போட்டான். திரையில் ஒன்று என்று விழுந்தது. காசு விழுந்த சத்தம் மட்டும் வரவில்லை. காசுப் பெட்டியைத் திறந்தான். காலி. காசு போடும் துவாரத்திலிருந்து, அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் கலந்த ஈர வாசனை, யாரோ வாயை வைத்து ஊதுவதுபோல மெல்ல வந்து முகத்தில் பட்டது.

யாரும் ஆடாமலே, தோற்றவனிடம் எண்ணை இறக்கிக்கொண்டே அடுத்த காசு கேட்பதுபோலத் திரை கேட்டது: கன்டினியூ? ஒன்பது.

எட்டு. ஸ்பீக்கரில் இரைச்சல். இரைச்சல் இல்லை, மூச்சு. சளி அடைத்த மூக்கில் சின்ன விசில் கலந்த மூச்சு. மூன்று ராத்திரியாக அவன் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

பிளக்கைப் பிடுங்கினான். ஏழு.

போன் அடித்தது. “ஏனுங்க, புள்ளைக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். முடிச்ச அவ கையிலயே குடுத்துப் புடிச்சுக்கச் சொல்லியிருக்கறேன்.”

அந்த முடிச்சில் இருந்தது வாஷர்.

மூன்று. ஸ்பீக்கரில் விசில் நின்றது. போனில் கேட்டுக்கொண்டிருந்த அதே விசிலும் நின்றது. உஷாராணி அலறினாள்.

வரும் வழியில் டீ குடித்த மிச்சம், சட்டைப் பையில் நான்கு காசு. ஒன்றைப் போட்டான். இரண்டு இடத்திலும் மூச்சு வந்தது. எண்ணும் வந்தது. ஒன்பது, எட்டு. இந்த முறை வேகமாக. அடுத்த காசு. ஒன்பது. இன்னும் வேகமாக. இன்னொன்று.

வேண்டுதல் காசோடு சேர்த்து அது நாலாவது காசு. அவன் வைத்த செட்டிங் பிசகாமல் வேலை செய்தது. மணி அடித்தது. இனாம் ஒன்று. இரண்டாம் ஆட்டக்காரருக்கான விளக்கு எரிந்தது.

“வந்துருச்சுங்க,” என்று போனில் அழுதாள் உஷாராணி. “சீரா வருதுங்க.” பிறகு அவள் குரல் இறங்கியது. “ஏனுங்க... போர்வைக்குள்ள ரெண்டு மூச்சு கேக்குதுங்க.”

“போர்வையத் தூக்காத.”

“நான் தூக்கல. அதுவாத் தூக்குது.”

திரையில் கனிஷ்காவின் பக்கம் ஒன்பது, எட்டு. மற்றப் பக்கம் எண்ணே இல்லை. மூச்சு மட்டும். விசில் இல்லாத, அவசரமில்லாத மூச்சு.

கையில் ஒரே ஒரு காசு.

யோகேஷ் மிஷின் துடைக்கும் மஞ்சள் துணியில் ஒரு மூலையைக் கிழித்தான். மிஷின் முன்னால் மண்டியிட்டு, காசை வைத்து, காலையில் உஷாராணி முடிந்ததுபோலவே முடியத் தொடங்கினான்.