உரியாத முகம்

ஐந்து நாளைக்கு முன்புதான் தோலுரித்த பல்லி, வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் வெளுத்துப்போய்க் கிடந்தது.

கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்து பார்த்தாள் ஸ்ரீமதி. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகளோடு ஒரு சாண் நீளம் இருக்கும் அந்த வளர்ப்புப் பல்லியை அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. தம்பி சிலம்பரசன் ஆசைப்பட்டு வாங்கியது. சிதம்பரத்தில் படிக்கப் போனவன், வாடகை அறையில் வைக்க விடமாட்டார்கள் என்று மஞ்சக்குப்பத்து வீட்டில் அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருக்கிற ஒரே ஆள் அவன். அவனுக்காகத்தான் அந்தச் சனியனுக்குப் புழு போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கும் அவளைப் பிடிக்காது. கை நீட்டும்போதெல்லாம் வாலைத் தூக்கி, வாயைப் பிளந்து சீறும்.

இன்று சீறவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். “மாசத்துக்கு ஒருக்காதான் உரிக்கும்னு சொன்ன. மறுபடியும் வெளுத்துப் போயி நிக்குதுடா.”

மறுமுனையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. “டிபன் பாக்ஸுல வெதுவெதுன்னு தண்ணி ஊத்துக்கா. பாதம் முங்குற அளவு போதும். இருவது நிமிஷம் அதுல வுடு. அப்புறம் பஞ்ச நனைச்சு மெதுவா தேச்சு வுடு. இழுக்காத. வெரல்ல ஒட்டிக்கிட்டா, இறுக்கி வெரலே போயிரும்.” உதட்டைத் திறக்காமல் பேசுகிறவனின் குரல்.

“ஒடம்பு சரியில்லையா உனுக்கு?”

“மொதல்ல அதப் பாரு. போன வைக்காத.”

போனை ஸ்பீக்கரில் போட்டு சமையல் மேடையில் வைத்தாள். பல்லியை டிபன் பாக்ஸ் தண்ணீரில் விட்டு மூடினாள். இருபது நிமிடம் கழித்து மூடியை நகர்த்தியபோது ஈரச் சுண்ணாம்பும் வாடிய பூவும் கலந்தாற்போல ஒரு வாடை எழுந்து மூக்கில் ஏற, வெளியே சன்னல் தகரத்தில் மழை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருக்க, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நனைந்த பஞ்சால் முதுகைத் தேய்த்தாள். தோல் ஈரக் காகிதமாகச் சுருண்டு, முதுகிலிருந்து விலாவுக்கும் விலாவிலிருந்து காலுக்கும் இறங்கி, கடைசியில் விரல் விரலாக உறை கழல்வதுபோல் கழன்று வந்தது.

போனிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

“அப்பாடா.”

அவள் கை நின்றது. “என்னடா?”

“நிறுத்தாதக்கா.”

பின்னங்காலைத் தேய்த்தாள். போனில் ஏதோ மெல்லக் கிழியும் ஒலி. கையை எடுத்தாள். ஒலி நின்றது. பஞ்சை வைத்தாள். மறுபடியும் கிழிந்தது.

முகம் மட்டும் மிச்சம். உதட்டோரம் தோல் வெள்ளையாகப் பிரிந்து நின்றது. பல்லியின் கண் அவளை விட்டு நகரவில்லை. தூக்கிப் பெட்டியில் போட்டு மூடினாள்.

“அக்கா,” என்றது போன். “முகம்.”

பதறிப்போய் அணைத்துவிட்டாள். அடுத்த நிமிடமே திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. சிதம்பரம் பஸ்ஸில் ஏறி, ஆலப்பாக்கம் தாண்டும்வரை அழைத்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

சிதம்பரத்து அறையில் அவனோடு தங்கியிருக்கும் பக்கிரி, வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

“மூணு நாளா மேல தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்கான்க்கா. தோலு இறுக்குதாம். டாக்டர்கிட்ட போலாம்னா கடிக்க வர்றான். காத்தால ஒரு சத்தம் வந்துது. அப்புறம் நான் உள்ள போவல.”

அறைக் கதவு தாழிடப்படவில்லை. நல்ல பகல். எல்லாம் தெரிந்தது.

கட்டிலில் அவன் சட்டை. பொத்தான் போட்டபடி. உள்ளே ஏதோ இருந்தது.

வெள்ளையாக. மெல்லிசாக. இரண்டு கை. இரண்டு கால். நகம்வரை முழுசாக. கழுத்துவரை.

கழுத்துக்கு மேல் இல்லை.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

“கதவ சாத்துக்கா.” தம்பியின் குரல்தான். “முகம் மட்டும் ஒட்டிக்கிச்சு. நீதான் பாதியில வுட்டுட்ட.”

குளியலறைக் கதவு கொஞ்சம் திறந்தது. நிலைக்கு மேலே, ஆள் உயரத்துக்கும் மேலே, சுவரில் ஈரமான ஒரு கை வந்து அழுந்தி ஒட்டியது. மஞ்சள் கை. பிறகு இன்னொன்று. பிறகு, தலைகீழாக, வெளுத்துப்போன அவன் முகம், உதட்டோரத் தோல் பிரிந்து தொங்க, சுவர் வழியே அவளை நோக்கி இறங்கி வந்தது.