பூனை படுக்காத பெட்டி

ஹேமலதா வாசலில் வந்து நின்றபோது குடையைக்கூட மடக்கவில்லை. உள்ளே வாருங்கள் என்று இரண்டு முறை சொன்ன பிறகும் படியிலேயே தயங்கினார். மேடையில் ஆயிரம் பேருக்கு முன்னால் கூச்சமில்லாமல் பாடுகிறவர்.

"ஏனுங்க, என்னால ஒரு பையன் பேரு கெட்டுப்போயிருமாட்ட இருக்குதுங்க," என்றார். "நான் மட்டும் அடம் புடிக்காம இருந்திருந்தா இதெல்லாம் நடந்தே இருக்காது."

வேடியப்பன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். சேலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காகத் தீ விபத்துகளை விசாரித்து, தானாக எரிந்த கடை எது, எரிக்கப்பட்ட கடை எது என்று கண்டுபிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்று ஏற்காட்டுக்கு வந்த பிறகும் துப்பறிகிறவர் என்ற அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவருடைய அக்கா மகள் ரம்யாவோ, விஷயம் என்னவென்று தெரியும் முன்பே கிளம்பி நிற்கிற ரகம். இப்போதும் ஆணியில் மாட்டியிருந்த தோல் பையை எடுத்துவிட்டு முகம் சுளித்தாள். பை முழுக்கப் பூஞ்சை.

"நாலு நாள்தான் தொடாம உட்டேன் மாமா. அதுக்குள்ள பாருங்க!"

"ஐப்பசி மழையில இங்க எது தப்புது கண்ணு? தொடச்சுட்டு உக்காரு. நீங்க சொல்லுங்கம்மா."

ஹேமலதா சொன்னார். தலைச்சோலை போகும் வழியில் இருக்கும் சத்யராஜின் ஸ்டுடியோவில்தான் அவருடைய ஆறு பாட்டுகளும் மிக்ஸிங் ஆகின்றன. அங்கே ஐம்பது வருஷப் பழைய கம்ப்ரஸர் ஒன்று உண்டு. பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வு போட்ட பெட்டி.

"குரல் திடீர்னு ஏறினா அமுக்கிப் புடிக்கும், எறங்கினா தூக்கிக் குடுக்கும் மாமா," என்று ரம்யா இடையில் புகுந்தாள். "இப்ப அந்தப் பெட்டியோட குணத்தை அச்சு அசலா நகல் எடுத்து சாஃப்ட்வேரா விக்கிறாங்க. ஆனா சத்யராஜ் அதைத் தொடவே மாட்டாராம். நகல்ல உசுரு இல்லைன்னு ஊரெல்லாம் பேசுவாரு."

"நானும் அதை நம்பித்தானுங்க குடுத்தேன்," என்றார் ஹேமலதா. "கடைசிப் பாட்டு அதுல ஓடுறப்ப பக்கத்துல உக்காந்து பார்த்தே ஆகணும்னு அடம் புடிச்சு இன்னிக்கு வந்தேன். மூடியைத் தொறந்தா நாலு வால்வையும் காணோம். உதவியாளு வெங்கடேஷ்தான் லீவுல போறப்ப கழட்டிட்டுப் போயிட்டான்னு சொல்லிட்டாருங்க."

"அவர் இப்ப எங்க?"

"அங்கதானுங்க நிக்கிறாரு. நாலு நாளா சேலத்துல அக்கா ஊட்டுல இருந்தாரு. காலையில என் கார்லதான் கூட்டிட்டு வந்தேன். அடுத்த வாரம் சென்னையில பெரிய ஸ்டுடியோவுல சேரப்போறாரு. சத்யராஜ் அங்கயே போன் போட்டு, திருடன்னு சொல்லிப்போட்டாருங்க! அந்தப் பையன் வாயைத் தொறக்கல."

"சத்யராஜ் எப்படிப்பட்டவரு?"

"நொம்பப் பொறுப்பானவருங்க. போன வாரம் மரம் விழுந்து மலையில ரெண்டு நாளா கரண்ட் இல்லீங்களே, அப்பக்கூட அஞ்சாவது பாட்டுல ஒரு திருத்தம் கேட்டதுக்கு அன்னிக்கே பண்ணி அனுப்பிச்சாரு."

வேடியப்பன் குடையை எடுத்துக்கொண்டார்.

ஸ்டுடியோவில் சத்யராஜ் வாசலுக்கே ஓடி வந்தார். ஐம்பதைத் தொட்ட மனிதர். கனத்த ஜெர்க்கின் போட்டிருந்தார், நிறுத்தாமல் பேசினார். சுவரோரமாக, இருபத்தாறு வயது வெங்கடேஷ் தரையைப் பார்த்தபடி நின்றான். காலடியில் அவனுடைய பயணப் பை இருந்தது.

"பையைச் சோதிங்கம்மா. நாஞ்சொல்றது நெசமா பொய்யான்னு தெரிஞ்சுரும்," என்றார் சத்யராஜ்.

ரம்யா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பையைத் தூக்கி மேஜையில் கொட்டினாள். ஒரு ஸ்வெட்டர், இரண்டு சட்டை, ஹெட்போன், அம்மாவுக்கு வாங்கிய மூட்டுவலித் தைலம், காலி டிபன் பாக்ஸ். உள்ளாடைகூட எல்லோர் கண்முன்னும் விழுந்தது. வெங்கடேஷின் காது மடல் சிவந்தது. அவன் நிமிர்ந்து சத்யராஜை மட்டும் ஒரு முறை பார்த்தான். வேடியப்பன் அந்தப் பார்வையைக் கவனித்தார். ஆனால் ரம்யாவைத் தடுக்கவில்லை.

பையில் வால்வு இல்லை.

"வித்திருப்பான்," என்றார் சத்யராஜ்.

வேடியப்பன் பெட்டியிடம் போனார். மூடி திறந்தே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். உட்புறத் தகட்டிலும் ஒயர்களிலும் சாம்பல் நிறப் பூஞ்சை மெல்லிசாகப் படர்ந்திருந்தது. வால்வு இருந்த நான்கு குழிகளின் பித்தளை மட்டும் பளிச்சென்று இருந்தது. பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். அதே பெட்டி, அதன்மேல் குண்டாக ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பூனை இப்போது மூலையில் இன்வெர்ட்டர் மேல் சுருண்டிருந்தது.

"மாசி மாசம் நான் வந்தப்பவும் பெட்டி மேலதானுங்க படுத்துக் கெடந்துச்சு," என்றார் ஹேமலதா. "தள்ளினாலும் போகல."

வேடியப்பன் சத்யராஜிடம் திரும்பினார். "பெட்டி கடைசியா எப்பங்க ஓடுச்சு?"

"போன வாரம் பூராத்தும் ஓடுச்சுங்க. அஞ்சாவது பாட்டு அதுலதானே போச்சு."

"இன்வெர்ட்டர்ல ஓடுமா?"

"எங்கீங்க! அது இழுக்காது. லைன் கரண்ட் இருந்தாத்தான்."

"செரி. எல்லாரும் உக்காருங்க," என்றார் வேடியப்பன். வெங்கடேஷ் மட்டும் உட்காரவில்லை.

"வால்வு ஓடுனா அடுப்பு மாதிரி கொதிக்கும். இந்தக் குளுருக்கு பூனை அதை உட்டுட்டு வேற எடம் தேடாது. தேடியிருக்குதுன்னா பெட்டியில சூடு இல்லைன்னு அர்த்தம். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பூனை பழக்கத்தையே மாத்திக்கிற அளவுக்கு."

"பூனையை வெச்சா முடிவு பண்றீங்க?" சத்யராஜ் சிரிக்கப் பார்த்தார்.

"பூனையை மட்டும் வெச்சு இல்லீங்க. தினம் கொதிக்கிற பெட்டிக்குள்ள பூஞ்சை எப்படிப் புடிக்கும்? அப்பறம், கரண்டே இல்லாத நாள்ல ஹேமலதா அம்மாவுக்குத் திருத்தம் பண்ணி அனுப்பிச்சீங்க. லைன் கரண்ட் இல்லாம பெட்டி ஓடாதுன்னு நீங்களே சொல்றீங்க. ஆக, அது லேப்டாப்புல, நீங்க தொடவே மாட்டேன்னு சொல்ற சாஃப்ட்வேர்ல ஆன வேலை."

ரம்யா துள்ளி எழுந்தாள். "அப்ப வெங்கடேஷ் எடுத்தது ஓடாத பெட்டியோட வால்வா?"

"அவசரப்படாதே கண்ணு. உன் பை நாலு நாள்ல என்ன ஆச்சு? வெங்கடேஷ் லீவுல போறப்ப கழட்டியிருந்தா, தொறந்து கெடந்த அந்தக் குழியிலயும் இந்நேரம் பூஞ்சை ஏறியிருக்கும். அது பளபளன்னு இருக்குது. கழட்டினது இன்னிக்குத்தான். இன்னிக்குக் காலையில வெங்கடேஷ் ஹேமலதா அம்மா கார்ல இருந்தாரு. இங்க இருந்தது ஒரே ஆளு. அந்தம்மா கிட்டக்க உக்காந்து பார்க்கறப்ப பெட்டி ஓடாது, குட்டு ஒடஞ்சுரும்னு பயந்ததும் அதே ஆளு."

சத்யராஜின் கை தானாக ஜெர்க்கின் பைக்குள் போனது. கைக்குட்டையில் சுற்றிய நான்கு வால்வுகளை எடுத்து மேஜையில், வெங்கடேஷின் சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்தவன் பையைக் கொட்டச் சொன்னபோது அவை அவருடைய பைக்குள்தான் இருந்திருக்கின்றன. அந்த நினைப்பே அங்கிருந்த எல்லோரையும் கூசவைத்தது.

"சித்திரையில இடி விழுந்தப்பவே பெட்டி போயிருச்சுங்க," என்றார். "எத்தனையோ பேருகிட்ட குடுத்துப் பார்த்தேன், சரியாகல. உங்க மொதப் பாட்டை சாஃப்ட்வேர்ல பண்ணி, அப்படியே உள்ளதைச் சொல்லித்தானுங்கம்மா அனுப்பிச்சேன். இதுல உசுரே இல்லைன்னு திருப்பி அனுப்புனீங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. ஒரு வாரம் கழிச்சு, பெட்டி சரியாயிருச்சு, அதுல போட்டதுன்னு சொல்லி, மறுபடியும் அதே பாட்டையே..."

"அதையேவா?" என்றார் ஹேமலதா.

"ஒரு புள்ளி மாத்தலீங்க."

ஹேமலதாவின் முகம் வெளிறியது. இப்போதுதான் உயிர் வந்தது என்று அந்தப் பாட்டைக் கேட்டு அழுதவர் அவர். போனில் அழுதது போதாதென்று, வால்வின் கதகதப்பைப் பற்றிச் சேலத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்திருந்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

"எனக்கே வித்தியாசம் தெரியலீங்க," என்றார் சத்யராஜ். "காது காதுன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சவன். இதை எப்படி வெளிய சொல்லுவேன்?"

வேடியப்பன் வெங்கடேஷைப் பார்த்தார். "உனக்கு எல்லாம் தெரியுமே சாமி. ஏன் பேசாம நின்னே?"

"அண்ணனே சொல்லிருவாருன்னு பார்த்துட்டே இருந்தேனுங்க," என்றான் வெங்கடேஷ். "பையைக் கொட்டுனப்பவாச்சும் சொல்லுவாருன்னு நெனச்சேன்."

ரம்யாவுக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குனிந்தபடி ஒவ்வொரு துணியாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "மன்னிச்சுருங்க," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமலே.

"அவளைத் தடுக்காத தப்பு என்னுது," என்றார் வேடியப்பன். "பூனையைப் பார்த்த பொறவு பையைத் தொட்டிருந்தா, தொட வேண்டியே இருந்திருக்காது."

வெங்கடேஷ் தைலப் பாட்டிலை மட்டும் தானே எடுத்து வைத்து ஜிப்பை இழுத்தான். "அதெல்லாம் போகுதுங்க. சென்னைக்கு ஒரு போன் மட்டும் போடச் சொல்லுங்க."

சத்யராஜ் எல்லோர் முன்பும் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜையில் வைத்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல் வந்தது.

"காலையில சொன்னது தப்புங்க," என்றார். "வெங்கடேஷ் எதையும் எடுக்கல. நல்ல பையன். நீங்க தாராளமாச் சேத்துக்கலாம்."

"அப்படியா சார்? பொருள் கிடைச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுங்க."

"அப்போ யார் சார் எடுத்தது?"

சத்யராஜ் வெங்கடேஷைப் பார்த்தார். இதையாவது விட்டுவிடச் சொல்வானோ என்று அந்தக் கண்கள் கெஞ்சின. வெங்கடேஷுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். ஆனால் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ஹலோ, சார்? யார் எடுத்தது?"

"நாந்தானுங்க," என்றார் சத்யராஜ்.