சுவரைப் பார்த்துத் திரும்பிய தலை

திங்கட்கிழமை நாலு மணிக்குக் குண்டூசி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, சேற்றரசன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

காலையில் அவள் கிளம்பும்போது அவன் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போகிற போக்கில் அவனுக்கு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுத்தான் போயிருந்தாள்.

பயந்துவிடாதீர்கள். சேற்றரசன் வெறும் தலைதான், உடம்பு கிடையாது. குண்டூசியின் அம்மா சினிமாப் பேய்களுக்கு முகமூடி செய்கிறவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. அங்கே நீளப் பலகையில் வரிசையாகத் தலைகள்: ஓநாய் மனிதன், துணி சுற்றிய பிணம், மூக்கு வளைந்த சூனியக்காரி. இரத்தம் குடிக்கும் பேயின் பற்கள் மட்டும் தனியாக ஒரு கண்ணாடி டம்ளரில் கிடந்தன. அம்மாவுக்குக் குண்டூசி எடுத்துக் கொடுப்பது மகளின் வேலை. ஆளும் ஒல்லி, பேச்சும் சுருக்கென்று இருக்கும். அந்தப் பெயரே அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

பட்டறையில் எந்தப் பேய் தயாரானாலும் அதற்கு 'மாப்பிள்ளை' என்றுதான் பெயர். நாள் கணக்கில் உட்காரவைத்து அலங்காரம் செய்வதால் அப்படி. இந்த மாப்பிள்ளை சதுப்பு நிலத்திலிருந்து எழுந்து வருகிறவன். முகமெல்லாம் காய்ந்த சேறு. எலுமிச்சை அளவில், வண்ணம் பூசிய இரண்டு கண்ணாடிக் கண்கள். மூக்குத் துவாரம் இல்லை, வாயும் இல்லை. வாய் இல்லாததுதான் பார்க்க என்னவோபோல் இருந்தது.

"அம்மா, மாப்பிள்ளையைத் திருப்பி வெச்சியா?"

"நான் ஏன் திருப்பறேன்? மத்தியானம் பூரா ஸ்டுடியோவுல இருந்துட்டு இப்பதான் வரேன். நீதானே கை வெச்சே?"

"நானும் இப்பதானே வரேன்!"

அம்மா தலையைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்தார். "தலைக்குள்ளே ஈரமா இருக்கே" என்று முணுமுணுத்தபடி கூரையை அண்ணாந்து பார்த்தார். எங்கும் ஒழுகுகிற மாதிரி தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமையும் சேற்றரசன் சுவரைப் பார்த்துத்தான் இருந்தான். உள்ளே அதே ஈரம்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விளையாட இதுவா கிடைச்சுது? நாளான்னைக்கு ஷூட்டிங். சேறு உதிர்ந்தா முதல்லேருந்து பூசணும், தெரியுமா?"

"சத்தியமா நான் இல்லம்மா."

"அப்ப மாப்பிள்ளை தானா திரும்பிக்கிட்டாரா?"

அம்மா கேலியாகத்தான் கேட்டார். ஆனால் குண்டூசி சட்டென்று திரும்பிச் சேற்றரசனைப் பார்த்தாள். சாவி எப்போதும் கதவுக்கு மேலே ஆணியில்தான் தொங்கும். பேய்த் தலையைத் திருட யார் வருவார்கள் என்று அம்மா அதை மறைத்து வைத்ததே இல்லை.

அதே சமயம் அம்மாவின் போன் அடித்தது. பேசி முடித்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எட்டடிதான். இன்னைக்கும் தலையைப் போட்டுப் பார்க்க வர முடியாதாம். நேத்து வயித்து வலி, இன்னைக்குப் பல் வலி. நாளைக்கு என்ன வலி வருமோ!"

எட்டடி மாமாதான் சேற்றரசனாக நடிக்கப்போகிறவர். சினிமாவில் அவர் போடாத பேய் வேஷம் இல்லை. அவர் தெருவில் நடந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி ஓரமாக நிற்பார்கள். அளந்து பார்த்தால் ஆறரை அடிதான் இருப்பார். மீதி ஒன்றரை அடி, ஊரார் பயத்தில் சேர்த்தது. இந்தப் படத்தில் முதன்முறையாக அவர் பெயர்தான் சுவரொட்டியில் மேலே வரப்போகிறது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள்தான். குண்டூசி ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். அம்மா ஸ்டுடியோவுக்குப் போயிருந்தார். குண்டூசி பூட்டைத் தொடாமல், பின்பக்க ஜன்னல் வழியாகப் பட்டறைக்குள் இறங்கினாள். பகல் ஒரு மணிக்கே மேகம் கறுத்து, பட்டறைக்குள் பாதி இருட்டாக இருந்தது. சேற்றரசன் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

'நீ எப்படித் திரும்பறேன்னு இன்னைக்குப் பார்த்துடறேன்' என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகுதான், அவன் தானாகவே திரும்பிவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை வந்தது.

ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அவள் சூனியக்காரியின் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, கழுத்துக்கு மேல் மட்டும் தெரியும்படி தலைகளின் வரிசையோடு வரிசையாக இருந்தாள். ஒரு பக்கம் ஓநாய், மறுபக்கம் பிணம்.

தகரக் கூரையில் முதல் மழைத்துளி விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

பிறகு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு காலடிக்கும் நடுவே ரொம்ப நேரம் இருந்தது. வந்தது எதுவோ, அது கதவருகே நின்றது. ஆணியில் சாவி உரசியது. பூட்டு திறந்தது. கதவு கிறீச்சென்றது.

வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு கரிய உருவம் நின்றது. குண்டூசிக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

அந்த உருவம் நேராகச் சேற்றரசனிடம் போனது. தலையை மெல்லத் தூக்கியது. அடியில் வெள்ளை வெளேரென்று இன்னொரு தலை, கண்களை மூடிக்கொண்டு இருந்தது. அது முகமூடியை மாட்டி வைக்கும் பிளாஸ்டர் தலை. குண்டூசி அதை நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஆனாலும் அந்த அரை இருட்டில் அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னைக்குப் பத்து வரைக்கும்" என்றது உருவம். "பத்து வரைக்கும் இருந்துட்டா போதும்."

அது சேற்றரசனைத் தன் தலையில் மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் எண்ணியது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மூச்சு இரைக்கும் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"ஆறு... ஏ... ஏழு..."

எட்டு வரவில்லை. உருவம் தலையைப் பிடுங்கிக் கழற்றியது. அதைப் பிளாஸ்டர் தலைமேல் கவிழ்த்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியது. பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பியது.

எட்டடி மாமா!

குண்டூசி ஆச்சரியத்தில் கண்ணைச் சிமிட்டிவிட்டாள்.

மாமா அதைப் பார்த்துவிட்டார். பலகையிலிருந்த சூனியக்காரி தன்னைப் பார்த்துக் கண் சிமிட்டினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அவர் போட்ட அலறலில் டம்ளரில் இருந்த பற்கள் கிடுகிடுத்தன. எத்தனையோ படங்களில் எத்தனையோ பேரை அலறவைத்த மனிதர், இரண்டே எட்டில் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பாதிதான் அடியில் இருந்தார். மேஜை சிறியது.

"மாமா, நான்தான்! குண்டூசி!" அவள் முகமூடியைக் கழற்றினாள்.

"அடி பாவி!" என்று மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "உயிரே போயிடுச்சு!"

மாமா மேஜைக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். கூரைமேல் மழை வலுத்தது.

"உங்களுக்குப் பல் வலி இல்லையா?" என்று குண்டூசி கேட்டாள்.

"இல்லம்மா."

"வயித்து வலி?"

"அதுவும் இல்ல." அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கு இருட்டுன்னா பயம். அதுவும் முகத்தை மூடின இருட்டு. மத்த பேய்க்கெல்லாம் வெளியே பார்க்க ஓட்டை இருந்துச்சு. இதுல ஒண்ணுமே இல்ல. வீட்டுல கரண்ட் போனாலே முதல்ல கத்தறது நான்தான். நாளைக்கு நாலு மணி நேரம் இதுக்குள்ள இருக்கணுமாம். மூணு நாளா ஏழுக்கு மேல தாண்ட முடியல. தோத்துட்டு அது மூஞ்சியைப் பார்க்க முடியாம, சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சுடறேன்."

"அம்மாகிட்ட சொல்லலாமே?"

"ஐயோ, வேண்டாம்! பேய்க்கே பயம்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். அப்புறம் யார் எனக்கு வேஷம் கொடுப்பாங்க? யார்கிட்டயும் சொல்லிடாதே, கண்ணு."

அவ்வளவு பெரிய மனிதர் கெஞ்சுவதைப் பார்க்கக் குண்டூசிக்குப் பாவமாக இருந்தது. "சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவர் போன பிறகு, அவள் சேற்றரசனைத் தூக்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.

மழைச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. கும்மிருட்டு. அவளுடைய மூச்சே யாரோ பக்கத்தில் நின்று விடுகிற மாதிரி புஸ் புஸ்ஸென்று கேட்டது. மூச்சு முட்டவில்லை, தாடைக்கு அடியில் காற்று வர ஒரு குழாய் இருந்தது. ஆனால் இந்த உலகத்தில் தான் மட்டும்தான் மிச்சம் என்பது போல இருந்தது. அவள் நாலு வரைக்கும்தான் எண்ணினாள்.

கழற்றியதும் பிளாஸ்டர் தலையை முறைத்துப் பார்த்தாள். மாமாவின் முகத்தை அச்செடுத்து வார்த்த தலை அது. அம்மா ஒவ்வொரு முகமூடியையும் அதில்தான் மாட்டி அளவு பார்ப்பார். அது ஒருநாளும் "இருட்டா இருக்கு" என்று சொன்னதில்லை. சொல்லவும் சொல்லாது.

நாலு மணிக்கு அம்மா வந்தார். தலை திரும்பியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். கதவைப் பார்த்தபடிதான் இருந்தது.

"இனிமே திரும்பாதும்மா" என்றாள் குண்டூசி. "ஆனா நீ ஒரு தடவை இதைப் போட்டுப் பாரேன்."

"நான் எதுக்கு? பிளாஸ்டர் தலைக்குக் கச்சிதமா இருக்கே."

"அது பேசாதும்மா! அதான் நீ போட்டுப் பாருன்னு சொல்றேன்."

அம்மா சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். சிரிப்பு உள்ளே போய் அடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று...

"எடு! எடு! எடுத்துத் தொலை!" என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினார்.

தலையைக் கழற்றிய அம்மா, அதைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். "டைரக்டர் 'இன்னும் பயங்கரமா, இன்னும் பயங்கரமா'ன்னு கேட்கக் கேட்க, ஒவ்வொரு ஓட்டையா அடைச்சுட்டேன்" என்றார். "உள்ளே ஒரு மனுஷன் இருப்பானேன்னு நினைக்கவே இல்லையே. இப்ப கண்ணுக்கு நேரா ஓட்டை போட்டா முகமூடின்னு தெரிஞ்சுடும். டைரக்டர் ஒத்துக்க மாட்டார்."

குண்டூசி சேற்றரசனின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணாடிக் கண்களுக்குக் கீழே, காய்ந்த சேற்றில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடியது.

"அம்மா, இங்கே ஒரு வெட்டுக்காயம் இருந்தா? இந்தக் கன்னத்துலேருந்து அந்தக் கன்னம் வரைக்கும். ஆறவே ஆறாத பழைய காயம். உள்ளே கறுப்பு வலை ஒட்டிட்டா வெளியே தெரியாது. உள்ளேருந்து மட்டும் தெரியும்."

அம்மா அந்த விரிசலின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு கத்தியைக் கையில் எடுத்தார். "குண்டூசிப் பெட்டியைக் கொண்டா."

மறுநாள் படப்பிடிப்பில் டைரக்டர் சேற்றரசனைச் சுற்றிச் சுற்றி வந்தார். "காயமா? நான் கேட்கலையே..." என்று குனிந்து பார்த்தவர், சட்டென்று இரண்டு அடி பின்னால் போனார். காயத்துக்குள்ளே ஏதோ ஈரமாக மின்னியது. "அம்மாடியோவ்! இது... இது என்னைப் பார்க்குதே! இதுதான் எனக்கு வேணும்!"

உள்ளே இருந்த எட்டடி மாமா தலையைக் கழற்றிவிட்டுக் குண்டூசியைப் பக்கத்தில் அழைத்தார். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"ஊஹூம். அம்மாவே போட்டுப் பார்த்தாங்க. மூணு வரைக்கும்தான் இருந்தாங்க."

"மூணா!" மாமாவின் முகம் மலர்ந்தது. "நான் ஏழாச்சே!"

"நான் நாலு" என்றாள் குண்டூசி. "மாமா, நான் கேமராவுக்குப் பக்கத்துலயே நிக்கறேன். பயம் வந்தா என்னைப் பாருங்க. கை காட்டறேன்."

சேற்றரசன் புகையும் சேறும் நிறைந்த குளத்துக்குள் இறங்கினான். நாலு மணி நேரம் கழித்து வெளியே வந்து தலையைக் கழற்றினான்.

"எத்தனை வரைக்கும் எண்ணினீங்க?" என்று அவள் கேட்டாள்.

மாமா யோசித்தார். "அடடே! எண்ணவே மறந்துட்டேனே!"

படம் வெளிவந்த அன்று மூன்று பேரும் ஒன்றாகப் போய்ப் பார்த்தார்கள். சுவரொட்டியில் மாமாவின் பெயர்தான் மேலே இருந்தது. அரங்கில் விளக்குகள் அணைந்ததுமே அவர் விரல்களால் கண்ணை மூடிக்கொண்டு, இடுக்கு வழியாகத்தான் பார்த்தார்.

திரையில் புகை விலகியது. சேற்றிலிருந்து அந்தத் தலை எழுந்தது. மெதுவாக இங்கும் அங்கும் திரும்பி எதையோ தேடியது. பிறகு அசையாமல் நின்றது. முகத்தின் குறுக்கே கிடந்த காயத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள் நேராக அரங்கைப் பார்த்தன.

"ஐயோ! அது நம்மளைத்தான் பார்க்குது!" என்று யாரோ கத்த, அரங்கமே அலறியது.

அது யாரைத் தேடிக் கண்டுபிடித்தது என்று குண்டூசிக்குத் தெரியும். அவள் திரையைப் பார்த்துக் கை காட்டினாள்.